கல் என்றொரு வினைச்சொல்

1996 பெப்ரவரி ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு, ஜினெத் என்ற பெண்மணி நம் கராஜின் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, கையுறைகளைக் கவுன்டரில் எறிந்து, "ஆ கல்!" என்றார். நேரம் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. கவுன்டருக்கு எதிரே தொங்கிய கடிகாரத்தைப் பார்ப்பதே அக்காலத்தில் என் தலையாய பணியாக இருந்தது.

திங்கட்கிழமை முதல் அதே கவுன்டரில் நிற்கவிருக்கும் உங்கள் இருவருக்காகவும் இதை எழுதுகிறேன். நான்கு குளிர்காலங்கள் நின்று, இருபத்து நான்காம் வயதில் பணி ஓய்வு பெறுகிறேன். இனி என் ஆய்வேட்டை முடிக்காமல் இருப்பதற்குக் காரணம் சொல்ல முடியாது. உங்களுக்கு ஒரு மணி நேரம் பேசிப் பயிற்சி அளிக்குமாறு முதலாளி பணித்தார். எனக்குப் பேச்சு வராது, எழுத்து ஓரளவு வரும். தமிழில் எழுதுவதில் கூடுதல் நன்மை ஒன்றும் உண்டு: முதலாளியால் இதை வாசிக்க முடியாது.

கார்புரேட்டரை எப்படிக் கழற்றுவது என்பது இதில் இல்லை. அது கையேட்டில் இருக்கிறது. கையேடு கழிப்பறையில் இருக்கிறது.

அப்போது இந்தக் கராஜில் எனக்கு அது முதல் குளிர்காலம். மொன்றியல் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் சென்னைத் தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்து, பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்துக்கொண்டே, செயின்ட்-மிஷேலில் ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டிகளைப் பழுதுபார்க்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இம்மூன்றுக்கும் இடையே ஏதேனும் தொடர்பு உண்டா என்று அப்பா ஒரு முறை கேட்டார். இரண்டு பேருந்துகளும் ஒரு மெட்ரோவும் என்று பதில் சொன்னேன்.

வேலை எளிமையானது. வாடிக்கையாளர் பிரெஞ்சில் குறை சொல்வார். நான் அதை முதலாளிக்காகப் பிரெஞ்சில் ஒரு சீட்டில் எழுதி, மெக்கானிக் ராசனுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ராசன் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பதை நெருங்கியவர். கராஜில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பிரெஞ்சில் அவருக்கு 'போன்ஜூர்' என்ற வணக்கம், 'மெர்சி' என்ற நன்றி, வானொலியில் கற்ற இரண்டு வசைகள் ஆகியவை தெரியும். மனைவியைக் கொழும்பிலிருந்து வரவழைக்க ஸ்பொன்சர் செய்திருந்தார். வேலை போனால் ஸ்பொன்சரும் போய்விடும் என்று உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையை முதலாளி மறுக்கவில்லை. அடிக்கடி நினைவூட்டவும் செய்தார்.

ஜினெத் கஸ்பேசி மலைப்பகுதியில் ஒரு விடுதிக்கு உணவும் விறகும் விருந்தினர்களும் ஏற்றிச்செல்பவர். பொருள் வாங்க இரு வாரத்துக்கு ஒருமுறையாவது மொன்றியல் வருவார். மலையில் அவர் ஓட்டும் ஸ்னோமொபைலை நம் முதலாளிதான் அவருக்குப் பழையதாக விற்றிருந்தார். மலைக்கென்றே செய்யப்பட்ட, நீண்ட ட்ராக் கொண்ட வண்டி. சக்கரத்துக்குப் பதிலாகப் பனியில் உருளும் ரப்பர் பட்டைதான் ட்ராக். முதலில் வாங்கியவர் லவாலைச் சேர்ந்த ஒரு பல் மருத்துவர். அவர் அதை மலை நீங்கலாக எல்லா இடங்களிலும் ஓட்டியிருந்தார்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். 'அவள்', 'அது' எனப் பொருள்படும் 'எல்' என்ற பிரெஞ்சுச் சொல்லை இங்குள்ளவர்கள் பாதி விழுங்கி 'ஆ' என்று மட்டும் வெளியே விடுவார்கள். அது தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. எனவே 'ஆ கல்' என்றால் 'அது கல்லுகிறது'. 'கல்' என்ற வினைக்கு நான் படித்த புத்தகங்களில் ஒரு பொருள் உண்டு: என்ஜின் திடீரென்று நின்றுபோதல்.

கவுன்டருக்குப் பின்னால் நின்ற ராசனின் காதில் வேறொன்று விழுந்தது.

"தங்கச்சி, உவ என்ன கல்லு கல்லு எண்டு கத்துறா? ட்ராக்குக்குள்ள கல்லுக் கில்லு அம்பிட்டுதோ?"

"கல் இல்லை அண்ணா. அது ஒரு வினைச்சொல்."

"வினையோ? அப்ப நல்லாத்தான் வந்திருக்கு."

தமிழிலும் 'கல்' ஒரு வினைச்சொல் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அதை வைத்து ஏதாவது தத்துவம் எழுதி இன்னும் கேவலப்பட்டிருப்பேன்.

சீட்டில் தெளிவான கையெழுத்தில் எழுதினேன்: 'மலையில் என்ஜின் நின்றுவிடுகிறது.' உங்கள் கவனத்துக்கு: ஜினெத் 'என்ஜின்' என்ற சொல்லை உச்சரிக்கவே இல்லை. 'ஆ' என்றுதான் சொன்னார். தெளிவற்ற சுட்டுப்பெயரைக் கண்டால் அதற்குரிய பெயர்ச்சொல்லை இட்டு நிரப்புவது என் துறையில் நற்பழக்கம். அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கும்.

நின்றுபோகும் என்ஜினுக்கு என்னென்ன பார்க்க வேண்டுமோ அவற்றையெல்லாம் ராசன் பார்த்தார். முதலில், என் பேச்சை முழுதாக நம்பாமல், ட்ராக்கைப் புரட்டிக் கல் தேடினார். பிறகு ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றினார். அவை கரி பிடித்து ஈரமாக இருந்தன. சற்று நேரம் அவற்றைக் கையில் வைத்து யோசித்துவிட்டுப் புதியன மாட்டினார். எரிபொருள் வடிகட்டியை மாற்றினார். பின்பக்கத்துக் காலி நிலத்தில் ஓட்டிப் பார்த்தோம். வண்டி பாடிக்கொண்டு ஓடியது.

ஓடாமல் என்ன செய்யும்? நம் ஊரில் மலை இல்லை. நகரத்துக்கு நடுவே இருக்கும் மேட்டை மலை என்று அழைத்து, அதன் பெயரையே ஊருக்கும் வைத்துக்கொண்ட மக்கள் நாம். மலையில் வரும் நோயை இங்கே தேடுவது, பல் வலியைத் தபாலில் பரிசோதிப்பதற்குச் சமம்.

ஒரு வாரத்தில் ஜினெத் திரும்பி வந்தார். "ஆ கல்!" இம்முறை குரல் உயர்ந்திருந்தது. நான் சீட்டில் 'மீண்டும் நின்றுவிடுகிறது' என்று எழுதினேன். 'மீண்டும்' என்ற சொல்லைச் சேர்த்ததில் எனக்குத் திருப்தி. ராசன் எரிபொருள் பம்பை மாற்றினார். வண்டி மறுபடியும் பாடியது. முதலாளி சீட்டைப் படித்துவிட்டு என்னிடம் சொன்னார், நான் ராசனிடம் சொல்ல வேண்டும் என்று: இதே குறையோடு அந்த அம்மாள் மூன்றாம் முறை வந்தால், ராசன் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

எங்களுக்குள் ஒரு நடைமுறை இருந்தது. இரு பக்கமும் நான் கூர்மையை மழித்தே மொழிபெயர்ப்பேன். ராசன் முதலாளியை 'விசரன்' என்றால், 'அவருக்கு வேறு கருத்து உள்ளது' என்பேன். முதலாளி ராசனை ஏசினால், 'அவசரமாம் அண்ணா' என்பேன். அன்றும் "இந்தத் தடவை ரொம்பக் கவனமாப் பாக்கச் சொல்றார்" என்று மட்டும் சொன்னேன்.

ராசன் என் முகத்தையே பார்த்தார். "தங்கச்சி, அந்த மனுசன் ரெண்டு நிமிசம் கத்தினவர். நீர் ஒரு வரி சொல்லுறீர். மிச்சம் எங்கை?"

மிச்சத்தைச் சொன்னேன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு, "மனுசிக்கு நேற்றுத்தான் போனிலை சொன்னனான், பனிச் சப்பாத்து வாங்கி வச்சிட்டன் எண்டு" என்றார்.

ஜினெத் மூன்றாம் முறை வந்தது ஒரு புதன்கிழமை. இம்முறை 'ஆ கல்' என்றுகூடச் சொல்லவில்லை. சாவியைக் கவுன்டரில் வைத்துவிட்டு, வாடிக்கையாளர்களுக்கான நாற்காலியில் பூட்ஸோடு கால் நீட்டி அமர்ந்தார். முதலாளி அலுவலறையிலிருந்து வெளியே வந்தார். ராசன் பின்பக்கத்திலிருந்து வந்தார். நடுவில் நான், கையில் பேனாவுடன், ஒரு நல்ல மாணவியாக.

"என்ன நடந்துச்சுன்னு முழுசாச் சொல்லுங்க" என்றேன். ஜினெத்தின் பேச்சை என் வீட்டுத் தமிழிலேயே தருகிறேன். அவருடைய உண்மையான நடையில் தேவாலயப் பொருள்களின் பெயர்கள் மிகுதியாக வரும், அவையெல்லாம் இங்கே வசைகள்.

"என்ன நடந்துச்சா? சனிக்கிழமை ரெண்டு விருந்தாளிங்களோட மூட்டையை ஏத்திக்கிட்டு மேல போறேன். பாதி மலை வரைக்கும் ராணி மாதிரி போறா. அப்புறம் புதுப் பனி, ஆழம். நான் முறுக்கறேன். ஆனா அவ..."

இங்கே ஜினெத் உள்ளங்கையை விரித்து, தரைக்கு இணையாக வைத்து, மெதுவாக, மிக மெதுவாக, முழங்காலுக்குக் கீழே இறக்கினார்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். நின்றுபோகும் என்ஜின் அப்படி இறங்காது. நின்றுபோவதைக் கையால் காட்டச் சொன்னால் எவரும் வெட்டித்தான் காட்டுவார்கள்.

ராசனும் அந்தக் கையைப் பார்த்தார். "அட கடவுளே! தங்கச்சி, தாண்டுபோகுது! உவ சொல்லுறது தாண்டுபோகுது எண்டு!"

சென்னை வீட்டுப் பெண்ணுக்குத் தாண்டுவது என்றால் குதித்துக் கடப்பது. நான் ஜினெத் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையுடன், "உங்க வண்டி எதைத் தாண்டுது?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"தாண்டுதா?" என்றார் ஜினெத். "அரை டன் மாட்டுக்கு ரெக்கை முளைச்சா தாண்டும்!"

"ஐயோ, அது இல்லை" என்று ராசன் தலையில் கைவைத்தார். "கப்பல் தாண்டுபோறது தெரியாதே? தண்ணிக்குள்ள தாழுறது! உங்கட ஊரிலை கப்பல் தாழுறதில்லையோ?"

"எங்க ஊர்ல மூழ்கும் அண்ணா."

"சரி, மூழ்கட்டும். கேளும், மூழ்குதோ எண்டு."

கேட்டேன். ஜினெத் என்னையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார். "வேற என்னத்தைச் சொல்லிக்கிட்டிருக்கேன், மூணு வாரமா? ஆ கல்! பனிக்குள்ள அமுங்குறா! என்ஜின் நிக்குதுன்னு எவன் சொன்னான்? அது ஒரு தடவைகூட நின்னதில்லை!"

இந்த நாட்டில் பனியில் புதைவதற்கும் அதே 'கல்'தான். முதலாளிக்கு அது பிறந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் அவர் படித்தது ஜினெத்தை அல்ல, என் சீட்டை. அதில் 'என்ஜின்' என்று இருந்தது. என்ஜின் பனியில் புதையாது.

ராசன் மேசையிலிருந்து பழைய ப்ளக் ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "கறுத்த ப்ளக் ஒரு பக்கம், உம்மட எழுத்து ஒரு பக்கம். படிச்ச பிள்ளை எழுதியிருக்கு எண்டு நான் எழுத்தை நம்பினன். இனிமேல் செய்யமாட்டன்."

உங்கள் இருவரிடமும் அவர் இதைச் சொல்வார். அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு வரவேற்புரை.

வண்டி அமுங்குகிறது என்றால், ஆழமான பனியில் மிதப்பதற்குத் தேவையான வேகம் ட்ராக்குக்குக் கிடைக்கவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். என்ஜின் வலுவாகச் சுழன்றும், அதை ட்ராக்கோடு இணைக்கும் பெல்ட் வழுக்கலாம். அல்லது என்ஜினே சோர்ந்துபோகலாம். ராசன் கேட்கச் சொன்னது ஒரே கேள்வி: அமுங்கும்போது சத்தம் ஏறுகிறதா, இறங்குகிறதா?

ஜினெத் அதற்குச் சொல்லால் பதில் சொல்லவில்லை. எழுந்து நின்று, கண்ணை மூடி, தொண்டையைத் திறந்து, மலையேறும் என்ஜினாக மாறினார். கூர்மையான உறுமல் ஒன்று தொடங்கி, கனத்து, தடித்து, கொழகொழவென்று, சளி பிடித்த எருமை தண்ணீர் குடிப்பதைப் போல் முடிந்தது. வெளியே பேருந்துக்கு நின்ற ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பெற்றோல் கூடிப்போச்சு, ப்ளக் கறுத்ததும் அதாலைதான்" என்றார் ராசன், மருத்துவரின் அமைதியோடு. "மேல காத்து மெல்லிசு. காத்து குறைஞ்சா பெற்றோலும் குறையவேணும். இவ மேல போயும் கீழத்தை அளவுதான் குடிக்கிறா. எரிக்க ஏலாமல் மூச்சு முட்டுறா. பல்லுடாக்குத்தர் மலைக்குப் போயிருந்தாரெண்டால் ஜெட்டை மாத்தியிருப்பார்."

ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் சிறு பித்தளைத் திருகு. நடுவில் நுண்ணிய துளை. ராசன் அதை மூக்குத்தி என்பார். மலைக்குத் துளை சிறிய மூக்குத்தி வேண்டும். அவர் இழுப்பறையிலிருந்து இரண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

நான் இதை மொழிபெயர்த்ததும் முதலாளி முகம் மலர்ந்தது. "பிரமாதம். இப்பவே மாட்டு. நானே எடுத்துட்டுப் போய் பின்னாடி முழு வேகத்துல ஓட்டிப் பாக்கறேன். சரியாப் போச்சுன்னா சரி."

ராசன் கவுன்டரிலிருந்த சாவியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

புதியவர்களே, கவனியுங்கள். இதை நீங்கள் எந்தக் கையேட்டிலும் படிக்க மாட்டீர்கள், கழிப்பறையில் இருப்பதிலும். மூன்றாவது முறை வண்டி வந்துவிட்டது. மெக்கானிக்கின் வேலை ஒரு நூலில் தொங்குகிறது. சரியான மருந்து கையில் இருக்கிறது. ஆனால் அந்த மருந்து இங்கே விஷம். காற்று கனத்த இந்தத் தாழ்நிலத்தில், அந்தக் குளிரில், சிறிய ஜெட்டுகளோடு முழு வேகத்தில் ஓட்டினால், பெட்ரோல் போதாமல் என்ஜின் சூடேறும். வேலை செய்ததை நிரூபிக்க இங்கே வழியே இல்லை. நிரூபிக்க முயன்றால் வண்டி கெடும்.

"சொல்லும் தங்கச்சி" என்றார் ராசன். "இதை இங்கை பூட்டி, இவர் விசரன் மாதிரி முறுக்கினா, பிஸ்டன் உருகும். சாவி தரமாட்டன். வேலையாலை நிப்பாட்டினாலும் தரமாட்டன் எண்டு சொல்லும்."

என் வழக்கமான மொழிபெயர்ப்பு நாக்கு நுனியில் தயாராக இருந்தது: அவருக்கு வேறு கருத்து உள்ளது. ஜினெத்தின் பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் சொட்டியது. மூன்று வாரங்களாக எல்லாரிடமும் சற்றே திருத்தப்பட்ட பிரதியைக் கொடுத்து வந்தவள் நான் என்பது அப்போது எனக்கு உறைத்தது.

முதலாளியை நோக்கி, இலக்கணப் பிழையில்லாத பிரெஞ்சில் சொன்னேன்: "இதை இங்கே மாட்டி, நீங்கள் பைத்தியக்காரனைப் போல் முறுக்கினால், பிஸ்டன் உருகும். அவர் சாவியைத் தரமாட்டார். வேலையை விட்டு நிறுத்தினாலும் தரமாட்டார்."

முதலாளி சிவந்தார். "பைத்தியக்காரன்னு அவன் சொன்னானா, நீ சொல்றியா?"

"அவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்கிறேன்."

ஜினெத் சிரித்த சிரிப்பில் அலமாரியிலிருந்த எண்ணெய் டப்பாக்கள் அதிர்ந்தன. "அந்த ரெண்டு திருகையும் என்கிட்ட குடு" என்றார் ராசனிடம். "எப்படி மாத்தறதுன்னு காட்டு. மேல போய் நானே மாத்திக்கறேன், கீழ வரும்போது பழசைப் போட்டுக்கறேன். மைனஸ் முப்பதுல அஞ்சு பிள்ளைகளுக்குத் துணி மாத்தினவ நான்."

ராசன் கழற்றிக் காட்ட, நான் வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். 'அது', 'இது' என்று அவர் சொன்ன இடத்திலெல்லாம் 'எது?' என்று கேட்டு அவரை வெறுப்பேற்றினேன். கடைசியில் பழைய ஜெட்டுகளையே வண்டிக்குள் திரும்ப மாட்டி, சிறியவற்றை ஒரு மருந்துக் குப்பியில் போட்டுக் கொடுத்தார். வண்டி வந்தபடியே, ஒரு மாற்றமும் இல்லாமல் திரும்பிப் போனது.

"ஒண்ணுமே செய்யலை!" என்றார் முதலாளி. "அவ போன் பண்ணட்டும். மறுபடியும் அமுங்கிச்சுன்னா, திங்கட்கிழமை அவன் வரவேண்டாம்."

இதை ராசனிடம் முழுதாகவே சொன்னேன்.

வியாழக்கிழமை முழுவதும் தொலைபேசி ஒலித்தது. ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தில் ஸ்பேனர் சத்தம் நின்றது. ஒவ்வொரு முறையும் வேறு யாரோ.

வெள்ளிக்கிழமை பிற்பகல், முதலாளி வங்கிக்குப் போயிருந்த வேளையில், அது ஜினெத்தாக இருந்தது. இரைச்சல் நிறைந்த இணைப்பு. காற்றா, இயந்திரமா என்று தெரியவில்லை. அவர் கத்தினார்:

"ஆ கல் பு!"

புத்தகத்தில் 'ப்ளு' என்று இருக்கும் அந்தச் சொல்லுக்கு 'மேலும்' என்றும் பொருள் உண்டு, 'இனி இல்லை' என்றும் பொருள் உண்டு. இனி அமுங்குவதில்லையா? இன்னும் கூடுதலாக அமுங்குகிறதா? அன்று எனக்கு அது தெரியாது. கையைக் காட்டச் சொல்லவும் வழியில்லை.

ராசன் வாசலில் நின்றார், கையில் ஏதோ ஒரு குழாயைப் பிடித்தபடி. "என்னவாம்?"

"தெரியலை அண்ணா."

"தெரியலையோ? நீர் இதைத்தானே படிக்கிறீர்?"

நான் வாயை அகலத் திறந்து, வாழ்நாளில் அதுவரை எழுப்பியிராத குரலில், தொலைபேசிக்குள் கத்தினேன்: "ஜினெத்! சத்தம்! சத்தத்தைப் போட்டுக் காட்டுங்க!"

மறுமுனையில் அவர் தொண்டையைச் செருமினார். பிறகு அது தொடங்கியது. உறுமல் எழுந்தது, ஏறியது, மெலிந்து கூர்மையாகி இன்னும் ஏறியது. எருமை எங்கும் தட்டுப்படவில்லை. நான் ரிசீவரை ராசனின் காதில் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கஸ்பேசியில் ஐந்து பிள்ளை பெற்ற ஒரு பெண்மணி மூச்சு முடியும்வரை மலையேறிக்கொண்டிருந்தார். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபின், "மெர்சி!" என்று ஒரு குரல் கேட்டது.

"ஓம்" என்றார் ராசன். "மெர்சி, மெர்சி." ரிசீவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய், நெடுநேரம் எந்த ஸ்பேனரையும் எடுக்காமல் இருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை காலை, கதவைத் திறந்து இன்னும் விளக்குகளைக்கூடப் போட்டு முடிக்கவில்லை, ஒருவர் வந்து கவுன்டரில் சாய்ந்தார். "ஆ பார் பு!" என்றார் களைப்போடு. 'பார்' என்றால் வண்டி ஸ்டார்ட் ஆவது. கிளம்பிப் போவதும் அதுவே. 'பு' என்றால் இனி இல்லை. அதை முந்தைய நாளே தெரிந்துகொண்டிருந்தேன். பேனாவை எடுத்தேன். திரும்பக் கீழே வைத்தேன்.

"யாரு?" என்று கேட்டேன்.

அவர் என்னைச் சற்று வியப்புடன் பார்த்தார். "என் மாமியார். கிறிஸ்துமஸுக்கு வந்தவங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு. அதுக்கு ஒரு பெல்ட் மட்டும் குடுங்க."

உள்ளேயிருந்து ராசன் குரல் கொடுத்தார்: "என்னவாம், தங்கச்சி?"

"கிளம்ப மாட்டேங்குதாம் அண்ணா."

ஸ்பேனர் சத்தம் நின்றது. "எது? மெசினோ, மனிசரோ?"

"மாமியார்."

"அதுக்கு எங்களட்டை ஜெட் இல்லையெண்டு சொல்லும்" என்றார் ராசன்.

ஒரு சொல்லும் குறையாமல் அதை மொழிபெயர்த்துவிட்டு, நான் பெல்ட் எடுக்க உள்ளே போனேன்.